நகரை அளந்தவர்கள் - 6: ஏழாம் வார்டின் கணக்கு

சிக்காகோவின் ஹல் ஹவுஸ் பெண்கள் 1895-இல் வெளியிட்ட இரண்டு வரைபடங்களைச் சென்ற பகுதியில் பார்த்தோம். இரண்டும் ஒரே இடத்தைப் பற்றியவை. ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் அந்தப் பரப்பு. அதே தெருக்கள், அதே வீடுகள். முதல் படம் எந்த வீட்டில் எந்த நாட்டவர் குடியிருக்கிறார்கள் என்பதை வண்ணத்தால் காட்டியது. அந்தச் சிறிய இடத்துக்குள் 18 தேசத்தவர் இருந்தார்கள். இரண்டாவது படம் அதே வீடுகளின் வார வருமானத்தை வண்ணத்தால் காட்டியது. முதல் தாள் நகரத்தின் பன்மையைச் சொல்கிறது, இரண்டாவது அதன் ஏற்றத்தாழ்வைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே விரித்து வைத்தால் ஒரு கேள்வி எழாமல் இராது: இன்ன மக்கள் வாழும் வீடுகளின்மேல் இன்ன வருமானத்தின் நிறம் விழுவது ஏன்? தாள்களில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடி ஒரு நகரத்தின் வீடு வீடாக ஏறி இறங்கியவர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். அவருடைய 'ஃபிலடெல்ஃபியா நீக்ரோ' 1899-இல் வெளிவந்தது. ஒரு நகரத்தில் எத்தனை வகை மக்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அந்த நகரத்தின் நியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிவிடாது. யாரை யார் எந்த வாசலில் மறுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் அது தெரியவரும் என்பதற்கு இந்த நூலைவிட நல்ல சான்று அந்தக் காலத்தில் இல்லை என்பது என் துணிபு.

அந்த ஆய்வு பிறந்த விதத்தையே முதலில் கவனிக்க வேண்டும். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஃபிலடெல்ஃபியாவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது; அதில் கறுப்பின மக்கள் 39,371 பேர். நகராட்சி ஊழலில் ஊறிப்போயிருந்தது. சீர்திருத்தம் வேண்டும் என்று பேசிய மேட்டுக்குடியினருக்கு நோயின் காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, அல்லது தெரியும் என்று நம்பினார்கள்: ஏழாம் வார்டில் வாழும் கறுப்பின மக்களும் அவர்கள் விற்கும் வாக்கும்தான். இந்த முடிவுக்கு அறிவியலின் முத்திரை ஒன்று கிடைத்தால் நல்லது என்ற எண்ணம் ஆய்வுக்குப் பின்னால் இருந்ததாக டு பாய்ஸ் பிற்காலத்தில் எழுதினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது அவர் பெர்லினில் படித்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெயரோடு ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை தகுதியும் உள்ளவருக்குக் கிடைத்தது சமூகவியல் உதவியாளர் என்ற பதவி. வகுப்பெடுக்கும் உரிமை இல்லை, மாணவர்களோடு தொடர்பு இல்லை. நகரத்தின் கறுப்பின மக்களுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அழைக்கப்பட்டவரையே அந்த நகரத்தின் கல்விக்கூடம் வாசலோடு நிற்கச் சொன்னது.

1896 ஆகஸ்ட் முதல் தேதி வேலை தொடங்கியது. இடையில் இரண்டு மாதம் நீங்கலாக 1897 இறுதிவரை நடந்தது. புதிதாக மணமான டு பாய்ஸும் அவர் மனைவி நினாவும் ஏழாம் வார்டிலேயே, ஓர் உணவகத்தின் மேல்மாடியில் ஒற்றை அறையில் குடியேறினார்கள். ஸ்ப்ரூஸ் தெருவுக்கும் சவுத் தெருவுக்கும் இடையே, ஏழாம் தெருவிலிருந்து ஸ்கூய்ல்கில் ஆறுவரை நீளும் ஒடுங்கிய பட்டை அந்த வார்டு. அங்கே 9,675 கறுப்பின மக்களை அவர் கணக்கில் கொண்டுவந்தார். குடும்பம், தனிநபர், வீடு, தெரு, நிறுவனம், வீட்டு வேலையாள் என்று ஆறுவகைக் கேள்விப் படிவங்கள். ஒரு வீட்டில் பத்து நிமிடமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். சராசரியாகக் கால் மணி முதல் இருபத்தைந்து நிமிடம். லண்டனில் சார்லஸ் பூத் பள்ளி வாரியத்தின் வருகையாளர்களிடம் கேட்டுத் தகவல் திரட்டியதை முன்பே பார்த்தோம். டு பாய்ஸ் அப்படி யாரையும் இடையில் வைக்கவில்லை. கதவைத் தட்டியவரும் அவரே, எழுதியவரும் அவரே, கூட்டிக் கழித்து அட்டவணை போட்டவரும் அவரே. வீட்டு வேலை செய்வோரைப் பற்றிய பகுதியை மட்டும் இசபெல் ஈட்டன் தனியே ஆராய்ந்து எழுதினார். ஹல் ஹவுஸ் தொகுப்பில் சிக்காகோ தையல் தொழிலாளரின் வரவு செலவை எழுதிய அதே ஈட்டன்தான்.

இந்த உழைப்பிலிருந்து வந்த கணக்கில் ஓர் அட்டவணையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2,441 குடும்பங்களில் குளியலறையும் கழிப்பறையும் கிடைத்தவை 334 மட்டுமே, அதாவது 13.7 சதவீதம். அந்த எண்ணோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த 334-இலும் பல குடும்பங்கள் ஒரே குளியலறையை இன்னொரு குடும்பத்தோடு பங்கிட்டன. தொட்டிக்குச் சுடுநீர் வராது. பல இடங்களில் தொட்டி இருக்கும், குழாய் இணைப்பே இருக்காது. சீர்திருத்தம் பேசியவர்கள் கறுப்பின மக்கள் அழுக்கானவர்கள் என்றார்கள். தண்ணீர் வராத தொட்டியைக் கட்டியவர் யார், அந்த வீட்டுக்கு வாடகை வாங்கியவர் யார் என்று அட்டவணை கேட்டது. ஏழாம் வார்டில் வாடகை அதிகம், பழுது பார்ப்பது அரிது. வேறிடத்துக்குப் போக வழியில்லாதவர்களிடம் கூடுதலாக வாங்கலாம் என்பது வீட்டுக்காரருக்கும் தரகருக்கும் தெரியும். வாடகையைச் சமாளிக்க உள்வாடகைக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். உள்வாடகைக்காரர் வந்ததும் வீடு நெரிசலானது. அந்த நெரிசலைப் பார்த்து ஒழுக்கக்கேடு என்றார்கள். டு பாய்ஸ் இந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து முதல் கண்ணிவரை பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்தே நகரம் தன் மனச்சாட்சியைத் தூங்க வைத்திருந்தது என்பது அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது புரிகிறது.

வேலை பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. பெயரை எழுதாமல், எழுத்தால் மட்டும் குறித்து, மனிதர்களின் நிலையை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அவர்களில் ஒருவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே இயந்திரப் பொறியியல் படித்துத் தேறியவர். நல்ல பரிந்துரைகள் உண்டு. விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தார், அவருடைய மதிப்பெண் சிறப்பைப் பார்த்து வேலையும் கொடுத்தார்கள். சில மணி நேரம் வேலை செய்தார். நிறம் தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவர் பல்கலைக்கழக மன்றத்தின் உணவுக்கூடத்தில் சர்வராக இருந்தார். தன்னோடு படித்துத் தேறிய வெள்ளையர்கள் சாப்பிட வரும் அதே மன்றத்தில். சோம்பல், திறமைக் குறைவு, கல்வியின்மை என்று வழக்கமாகச் சொல்லப்படும் எந்த விளக்கமும் இந்த மனிதரிடம் எடுபடாது. எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிறம் ஒன்றுதான். டு பாய்ஸ் இப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தது இரக்கத்தைக் கிளறுவதற்காக அல்ல என்றே நினைக்கிறேன். மற்றக் காரணங்கள் ஒவ்வொன்றாக விலகிய பிறகும் தடை நிற்கிறதா என்று சோதிக்கும் முறை அது.

எதிர்ச்சான்றையும் அவரே தேடி வைத்தார். வெள்ளைத் தொழிலாளர் கறுப்பினத்தவரோடு சேர்ந்து வேலை செய்ய ஒப்பமாட்டார்கள், அது மனித இயல்பு, முதலாளி என்ன செய்வார் என்பது அன்றைய வாதம். மிட்வேல் எஃகு ஆலை அதைப் பொய்யாக்கியிருந்தது. அந்த ஆலையில் தொழிலாளர்கள் இனவாரியாகக் குழு சேர்ந்துகொண்டு நிர்வாகத்துக்குத் தலைவலியாக இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு வேலைக் குழுவிலும் ஒரு கறுப்பினத்தவர், ஒன்றிரண்டு அமெரிக்கர், ஓர் ஆங்கிலேயர் என்று கலந்து போட்டார்கள். வேலை நடந்தது. நிர்வாகத்தின் நோக்கம் உயர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலாளர் ஒன்று சேர்ந்து பேரம் பேசும் வலிமையைக் குறைப்பதும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் நமக்கு இங்கே முக்கியமானது வேறு. அதே ஊர், அதே இனங்கள், அதே வெறுப்புகள். ஆலை வாசலில் விதி மாறியதும் விளைவு மாறியது. இயல்பு என்று சொல்லப்பட்டது பெருமளவு விதியின் வேலை என்பதற்கு ஒரே நகரத்துக்குள் இதைவிடத் தெளிவான சான்று எங்கே கிடைக்கும்?

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் பல நாடுகளில் பல மக்களைக் குறித்துச் சொல்லப்படுகிறது: அயர்லாந்துக்காரரும் ஜெர்மானியரும் இத்தாலியரும் வெறுங்கையோடுதான் வந்து இறங்கினார்கள், ஒரு தலைமுறையில் எழுந்து நின்றார்கள், இவர்களால் ஏன் முடியவில்லை? எழுத்தறிவே காரணம் என்றால் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. நகரத்தின் சேரிகளில் வாழ்ந்த இத்தாலிய, ஐரிஷ் குடியேறிகளைவிட ஏழாம் வார்டின் கறுப்பின மக்களிடையே எழுதப் படிக்கத் தெரியாதவர் விகிதம் குறைவு. உழைத்து எழும் திறமை இல்லை என்றால் வரலாறு அதை மறுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஃபிலடெல்ஃபியாவின் பெரிய வீட்டு விருந்துகளையெல்லாம் சமைத்துப் பரிமாறி நடத்திக் கொடுத்தவர்கள் கறுப்பின ஒப்பந்தக்காரர்கள். வழிகாட்டியவர் ராபர்ட் போகல். 1818-இல் தொழில் தொடங்கிய பீட்டர் அகஸ்டின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர். பிறகு டார்சி, ஜோன்ஸ், மின்டன். ஊரின் நாக்குக்கு எது ருசி என்று முடிவு செய்யும் இடத்தில் இவர்கள் இருந்தார்கள். பெருமுதல் கொண்ட ஓட்டல்கள் வந்ததும், நாகரிகம் மாறியதும் அந்தத் தொழில் கைநழுவியது. முதல் திரட்ட அவர்களுக்கு வங்கி வாசல் திறக்கவில்லை. ஐரிஷ்காரரின் மகன் பட்டறையில் தொழில் பழகச் சேரலாம், தொழிற்சங்கத்தில் உறுப்பினராகலாம். பல தலைமுறையாக அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவரின் மகனுக்கு இரண்டும் இல்லை. இதில் வாக்குரிமையையும் சேர்க்க வேண்டும். பென்சில்வேனியாவின் 1838 அரசியலமைப்பு வாக்கை வெள்ளையருக்கு மட்டும் ஆக்கியது. 1870-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், தேர்தல் நாளன்று, டிராம் வண்டிகளில் சம உரிமைக்குப் போராடி வென்றவர்களில் ஒருவரான ஆசிரியர் ஆக்டேவியஸ் கட்டோ ஏழாம் வார்டின் தெற்கெல்லையான சவுத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடியேறிகளோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளையும் அந்தத் துப்பாக்கிக் குண்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு மென்மையானது, அதனாலேயே ஏமாற்றக்கூடியது. ஒரே வகை மக்கள் ஒன்றாக வாழ விரும்புகிறார்கள்; அவர்கள் தேவாலயம் அங்கே, உறவினர் அங்கே; இதில் என்ன அநீதி? டு பாய்ஸ் இதை ஒதுக்கித் தள்ளவில்லை. தேவாலயம் வழிபாட்டுக்கு மட்டுமானது அல்ல, அதுவே அந்த மக்களின் மன்றம், வங்கி, வேலை தேடித் தரும் நிலையம், திருமணச் சந்தை என்பதை மிகுந்த அக்கறையோடு எழுதுகிறார். ஆனால் அவர் சொல்லும் வேறு காரணங்களும் இருக்கின்றன. வெள்ளையர் வீடுகளில் வேலை செய்பவரும் துணி துவைத்துக் கொடுக்கும் பெண்ணும் அந்த வீடுகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். தொலைவில் வாடகை குறைவு என்பதற்காகப் பிழைப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. வேறு பகுதியில் வீடு கேட்டால் தர மறுக்கிறார்கள், அல்லது அதிகம் கேட்கிறார்கள். விருப்பமும் கட்டாயமும் ஒரே தெருவில் குடியிருக்கும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விருப்பம் மட்டும் தெரிவது எளிது. இவர்கள் விரும்பித்தான் இங்கே இருக்கிறார்களா என்று அறிய ஒரே வழி, மற்றத் தெருக்களின் வீடுகளையும் அதே வாடகைக்கு அவர்களுக்குத் திறந்துவிடுவது. ஃபிலடெல்ஃபியா அந்தச் சோதனையைச் செய்ய முன்வரவில்லை.

மூன்றாவது மறுப்பு நூலின் உள்ளிருந்தே வருவதால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. டு பாய்ஸும் அந்த மக்களை நோக்கி ஒழுக்கம் போதிக்கிறார். அவர் வரைந்த வண்ணப் படத்தில் நான்கு தரங்கள்: நடுத்தரமும் அதற்கு மேலும், உழைத்து வசதியாக வாழ்வோர், ஏழைகள், கடைசியில் தீயோரும் குற்றவாளிகளும். முதல் மூன்றும் பொருளாதார நிலை, நான்காவது மட்டும் குணத்தின்மீது தீர்ப்பு. பூத்தின் லண்டன் படத்தில் நாம் கண்ட அதே கோளாறு கடல் தாண்டி வந்திருக்கிறது. குடும்ப வாழ்க்கையைப் பற்றியும் கேளிக்கைகளைப் பற்றியும் அவர் எழுதும் சில பக்கங்களில் 28 வயதுப் பண்டிதரின் கண்டிப்பு கேட்கிறது. விக்டோரியா காலத்து மேட்டுக்குடிப் பார்வை அது. இது நூலின் குறை, காலத்தின்மேல் பழி போட்டு மூடிவிடக் கூடாது. என்றாலும் அந்தப் போதனைக்கு எதிரான சாட்சியமும் அதே நூலின் அட்டவணைகளில்தான் இருக்கிறது. குற்றம் பற்றிய இயலையே எடுத்துக்கொள்வோம். சிறைக் கணக்கில் கறுப்பின மக்களின் பங்கு அதிகம் என்பதை மறைக்காமல் தருகிறார். உடனே, அவர்கள் சிறு காரணத்துக்கும் கைதாகிறார்கள், நீண்ட தண்டனை பெறுகிறார்கள், ஆகவே இந்த எண்ணைக் குற்றத்தின் நேரான அளவாகக் கொள்ளக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். ஓர் ஆசிரியர் தன் முன்முடிவைவிடத் தன் சான்றுகளுக்கு அதிக இடம் கொடுத்திருந்தால், பின்னால் வருகிறவர்கள் அவருடைய தீர்ப்பை விலக்கிவிட்டுச் சான்றைப் பயன்படுத்தலாம். இந்த நூல் அந்த வகை.

கடைசி மறுப்பு எண்ணுவதையே எதிர்ப்பது. எண்ணினால் பிரிவினை வளரும், மக்களைப் பெட்டிகளில் அடைத்தால் பெட்டிகள் உறுதிப்படும் என்பது. ஏழாம் வார்டு மக்களே அவரை மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. ஏதோ விநோத உயிரினம்போல் ஆராயப்படுவதை அவர்கள் வெறுத்தார்கள். அதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த வெறுப்பு நியாயமானது. யார் எண்ணுகிறார், எதற்கு எண்ணுகிறார் என்று கேட்க எண்ணப்படுகிறவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எண்ணாத இடத்திலும் பிரிவினை இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பொறியாளரை வெளியே அனுப்பிய முதலாளிக்குக் கணக்கெடுப்பு அட்டவணை எதுவும் தேவைப்படவில்லை. கணக்கு தேவைப்படுவது மறுக்கப்பட்டவருக்குத்தான். இல்லாவிட்டால் அவருக்கு நேர்ந்தது அவருடைய தனிப்பட்ட துரதிருஷ்டமாகவே முடிந்துவிடும். ஆயிரம் வீடுகளில் அதுவே நடந்திருக்கிறது என்று காட்டும்போதுதான் அது பொது வழக்காகிறது. நம் நாட்டில் சாதிக் கணக்கெடுப்பு வேண்டுமா என்று நடக்கும் விவாதத்தில் இரு தரப்பும் சொல்வது ஏறத்தாழ இதையேதான். அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதார் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். தொலைவில் இருந்தாலும் இரு வழக்குகளுக்கும் ஒரே வகைச் சான்று தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

கணக்கு மட்டும் போதுமா? போதாது என்பதை டு பாய்ஸே கசப்போடு கற்றார். ஃபிலடெல்ஃபியா வேலை முடிந்ததும் பல்கலைக்கழகம் அவருக்குப் பதவி எதுவும் தரவில்லை; அவர் அட்லாண்டா போனார். 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியைக் கும்பல் ஒன்று சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. உண்மை நிலையை நிதானமாக விளக்கும் கடிதத்தோடு டு பாய்ஸ் நாளிதழ் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் போகிற தெருவிலேயே ஒரு மளிகைக் கடையில் ஹோஸின் விரல் முட்டிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். இப்படிப்பட்ட நாட்டில் அமைதியான ஆய்வாளராக மட்டும் இருக்க முடியாது என்ற முடிவு அவருக்குள் அன்றே தொடங்கியது. பத்தாண்டுகளுக்குப் பின் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார், 1910-இல் அதன் இதழைத் தொடங்கினார். ஆனால் அவர் எண்ணுவதை விட்டுவிடவில்லை. அட்லாண்டாவில் ஆண்டுதோறும் ஆய்வு மாநாடுகளை நடத்தினார். 1900 பாரிஸ் கண்காட்சிக்குத் தம் மாணவர்களோடு கையால் வரைந்த வண்ண வரைபடங்களை அனுப்பினார். போராட்டம் கணக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்வதைவிட, கணக்குக்கு ஒரு குரல் கிடைத்தது என்பதே சரி.

சமூகவியல் வரலாற்றை எழுதியவர்கள் நகர ஆய்வின் தொடக்கத்தைப் பல காலம் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வைத்தார்கள். ராபர்ட் பார்க்கும் எர்னஸ்ட் பர்ஜஸும் 1925-இல் வெளியிட்ட 'நகரம்' அங்கே மூலநூலானது. ஏழாம் வார்டின் நூல் அடிக்குறிப்பாகச் சுருங்கியது. அவர்களுடைய விளக்கத்தில் போட்டி, மோதல், இணக்கம், கலப்பு என்று இனங்களின் உறவு படிப்படியாகத் தானே முன்னேறும். காலம் பார்த்துக்கொள்ளும் என்ற இந்த நம்பிக்கையில் வாசலில் நின்று மறுப்பவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அந்த நூலுக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, 1919 ஜூலை 27 அன்று, அதே சிக்காகோவில் மிச்சிகன் ஏரியில் நீந்திய யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞன் வெள்ளையர் கரையின் பக்கம் மிதந்துபோனதற்காகக் கல்லெறிபட்டு நீரில் மூழ்கி இறந்திருந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். பார்க்கின் மாணவரான சார்ல்ஸ் ஜான்சன் முன்னின்று தயாரித்த விசாரணை அறிக்கை 1922-இல் வெளிவந்தது. வீடு, வேலை, பள்ளி, கடற்கரை என்று வாசல் வாசலாக அது எண்ணியதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)